கம்ப்யூட்டர் கேபினட்ல ஓட்டை போட்டு ஃபேன் வைக்கிறது: குன்னூர் அக்காவோட கேள்வி பதில் (கேக்கிறவங்க பேருக்குப் பதிலா அவங்க ஊர்)

கோத்தகிரி: அக்கா, பழைய கேபினட், முன்னாடி ஃபேனுக்கு இடமே இல்ல. சைடு பேனல்ல 120 எம்எம் ஃபேன் வைக்கலாம்னு இருக்கேன், எப்படி வெட்டுறது?

பதில்: தாராளமா வை தம்பி. வெட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துக்கோ, ஃபேன் 25 எம்எம் தடிமன், பேனல மூடும்போது ப்ராசஸர் கூலர்ல இடிக்காம இருக்கணும். அப்புறம் பேனல கழட்டி வாசலுக்கு எடுத்துட்டுப் போயிடு, மிஷின் பக்கத்துல வச்சு வெட்டவே வெட்டாத. ரெண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஸ்க்ரூ ஓட்டைய குறிச்சுக்கோ, ஓட்டைக்கு ஓட்டை 105 எம்எம் வரணும், 140 ஃபேன்னா 124.5. குறி மேல பஞ்ச் வச்சு ஒரு தட்டு தட்டிட்டு டிரில் பண்ணு, இல்லன்னா பிட் வழுக்கி பெயிண்ட்ட கீறிடும். நடு வட்டத்துக்கு நாலரை இஞ்ச் ஹோல் சா (டிரில்லுல மாட்டுற வட்ட ரம்பம்) சரியா இருக்கும், அடில பலகை குடுத்து கிளாம்ப் போட்டு மெதுவா ஓட்டு, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். ஹோல் சா இல்லன்னா குறி போட்டு கிரில் பட்டறைல குடுத்துடு.

வெட்டினதும் ஓரத்த அரம் போட்டு மழுக்கி உடனே ரெட் ஆக்சைடு (துரு பிடிக்காம இருக்க அடிக்கிற பெயிண்ட்) அடி. நம்ம ஊர் ஈரத்துக்கு பெயிண்ட் இல்லாத இரும்பு சீக்கிரமே துரு பிடிச்சு, அந்தத் துரு பொடிப்பொடியா மதர்போர்டு மேலதான் உதிரும்.

ஊட்டி: இந்தக் குளிர்ல ஃபேன் எதுக்குங்க?

பதில்: ரூம் குளிரா இருந்தாலும் மூடின பொட்டிக்குள்ள கிராபிக்ஸ் கார்டு விடுற சூடு அங்கேயேதான் சுத்தும் சார். இன்னொண்ணு, ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம், அங்க காத்தோட அடர்த்தி கடல் மட்டத்த விட ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு கம்மி. அதே ஃபேன் அதே வேகத்துல சுத்தினாலும் அது தள்ளுற காத்து எடை கம்மி, அள்ளிட்டுப் போற சூடும் கம்மி.

அருவங்காடு: ஃபேன் எந்தப் பக்கம் பாக்கணும்?

பதில்: ஸ்டிக்கர் இருக்கிற பக்கம் காத்து வெளிய வரும். முன்னாடி கீழ இருக்கிற ஃபேன் காத்த உள்ளே இழுக்கணும், பின்னாடி மேல இருக்கிறது வெளிய தள்ளணும்.

கொடைக்கானல்: ஜன்னல் திறந்தா மூடுபனி ரூமுக்குள்ளயே வருது. ஃபேன் வச்சா அத்தனை ஈரத்தையும் நாமளே உள்ள இழுத்து விடுறோம், போர்டு போயிடாதா? நான் ஃபேனே வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

பதில்: இல்லைங்க, இந்தப் பயம் மலை முழுக்க இருக்கு, அதனால விரிவாவே சொல்றேன். சுத்தி இருக்கிற காத்த விட குளிர்ந்த பொருள் மேலதான் தண்ணி முத்து முத்தா படியும். ஓடுற மிஷின் ரூம விட சூடா இருக்கு, உள்ள வர்ற காத்தும் சூடேறிடும், அப்போ ஈரம் படிய வழியே இல்ல. ஓடாத மிஷின்லதான் ஆபத்து. ராத்திரி பூரா அணைஞ்சு சில்லுன்னு கிடக்கும், காலைல ஹீட்டர் போடுவோம், பக்கத்துல அடுப்புல தண்ணி கொதிக்கும், அந்த ஆவி குளிர்ந்த தகரத்துல படியும். அதே மாதிரி சர்வீஸுக்கு மலைய விட்டுக் கீழ மேட்டுப்பாளையம் கொண்டு போறவங்க, குளிர்ந்த மிஷின் மேல அங்க இருக்கிற சூடான காத்தோட ஈரம் படியும், இறங்கின உடனே ஆன் பண்ணாதீங்க, ரெண்டு மூணு மணி நேரம் அப்படியே விடுங்க.

கூடலூர்: அக்கா சொல்றது சரி, ஆனா மழைக்காலத்துல என் ஃபில்டர்ல பூஞ்சையே பிடிச்சுது.

கொடைக்கானல்: அதத்தான் நானும் சொன்னேன்!

பதில்: பூஞ்சை பிடிக்கும், ஒத்துக்கிறேன். அது ஃபேனால வர்றது இல்ல, ஃபில்டர்ல சேர்ந்த தூசி ஈரத்த பிடிச்சு வச்சுக்குது. கழுவி நல்லா காய வச்சு மாட்டுங்க, கேபினட்ட ஜன்னல விட்டுத் தள்ளி வைங்க, பனி இறங்கும்போது ஜன்னல சாத்துங்க. ஃபேன கழட்டிட்டா சூடும் போகாது, உள்ள இருக்கிற ஈரமும் போகாது.

குன்னூர்: மேல் பக்கம் வெட்டணும், மதர்போர்ட கழட்டாம துணி போட்டு மூடிட்டு வெட்டலாமா?

பதில்: கூடாது. ஒரே ஒரு இரும்புத்தூள் ரெண்டு பின்னுக்கு நடுவுல சிக்கினாலே ஷார்ட் ஆகும்.

வெல்லிங்டன்: வாக்யூம் க்ளீனர் பிடிச்சுக்கிட்டே வெட்டினா?

பதில்: மேல சொன்ன பதில படிங்க. மதர்போர்ட கழட்டுங்க.

கோத்தகிரி: மதர்போர்டுல ஃபேன் பின் காலி இல்லக்கா, எஸ்எம்பிஎஸ்ல (மிஷினுக்கு கரன்ட் குடுக்கிற பொட்டி) நேரா குடுக்கலாமா?

பதில்: குடுக்கலாம், அதுல இருந்து வர்ற பெரிய நாலு பின் மோலெக்ஸ் கனெக்டர்ல மஞ்சள் வயர் 12 வோல்ட், கறுப்பு கிரவுண்டு. சிவப்பு 5 வோல்ட், அதுல குடுத்தா சில ஃபேன் சுத்த ஆரம்பிக்கவே செய்யாது. மஞ்சள்ல குடுத்தா எப்பவும் முழு வேகம்தான், சத்தம் இருக்கும்.

ஊட்டி: லேப்டாப் அடியில ஓட்டை போடலாமா?

பதில்: நான் லேப்டாப் தொடுறதில்ல, சர்வீஸ் கடைல கேளுங்க.

கொடைக்கானல்: சரி அக்கா, ஃபேன் வைக்கிறேன். ரெட் ஆக்சைடு நாளைக்கே அடிக்கவா, இங்க சாரல் விடவே இல்ல.

பதில்: சாரல்ல அடிக்காதீங்க, காயவும் காயாது, ஈரத்து மேல ஒட்டவும் ஒட்டாது. அரம் போட்ட ஓரத்துல லேசா எண்ணெய் தடவி வீட்டுக்குள்ள வைங்க. வெயில் வந்ததும் எண்ணெய தின்னர்ல துடைச்சிட்டு அடிங்க, அதுக்கப்புறம் ஃபேன் மாட்டலாம்.