ஆரோக்ஸும் அதன் மாற்றும் – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

1627இல் போலந்தின் யாக்டோருவ் காட்டில் கடைசிப் பசு செத்ததோடு ஆரோக்ஸ் என்ற காட்டுமாடு அழிந்தது என்றும், ஐரோப்பாவின் பழைய நாட்டு மாடுகளைக் கலந்து அதை மீண்டும் உண்டாக்குகிறார்கள் என்றும் படித்தேன். ஆரோக்ஸின் கொம்பும் நிறமும் உயரமும் பல இனங்களில் சிதறிக் கிடக்கின்றன என்றால் சேர்த்துவிட வேண்டியதுதானே? ஜெர்மனியின் ஹெக் சகோதரர்கள் சுமார் 10 ஆண்டுகளில் முடித்துவிட்டதாக அறிவித்தார்களாமே, இன்று மட்டும் ஏன் இவ்வளவு இழுக்கிறது? மரபணுத்தொகுதி கையில் இருக்கும்போது குளோனிங் செய்தால் என்ன? எனக்கென்னவோ தொழுவத்து மாட்டைக் காட்டில் விட்டுப் பெயரை மாற்றுவதாகத்தான் படுகிறது. ஒருவர் சிறிய அளவில் தொடங்கினால் எத்தனை மாடு, எவ்வளவு நிலம் தேவைப்படும் என்றும் சொல்லுங்கள்.

கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

ஹெக் கதையைக் காலக்கணக்கு போட்டுப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மியூனிக் விலங்குக்காட்சிச்சாலையில் ஹைன்ஸ் ஹெக்கும், பெர்லினில் அவர் அண்ணன் லுட்ஸ் ஹெக்கும் 1920களில் தனித்தனியாகக் கலப்பைத் தொடங்கினார்கள். ஹைன்ஸ் 1932இலேயே தன் பக்கம் வெற்றி என்றார். மாட்டுக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 283 நாள். கிடாரி முதல் கன்று போட இரண்டரை, மூன்று வயதாகும். அவசரப்பட்டாலும் அந்தக் காலத்துக்குள் மூன்று தலைமுறைக்கு மேல் போகாது. காளையின் கொம்பும் உடற்கட்டும் முழுதாகத் தெரிய நான்கைந்து வயதாவது ஆக வேண்டும் என்பதால், பொறுமையாகத் தேர்ந்தெடுத்திருந்தால் இரண்டுதான் தாண்டியிருக்கும்.

இரண்டு தலைமுறையில் என்ன கிடைக்கும்? இரண்டு இனங்களைக் கலந்தால் முதல் தலைமுறைக் கன்றுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சாக, இரண்டுக்கும் நடுவாக இருக்கும். அந்த நிலையில் தோற்றத்தை வைத்துக் கழிப்பது வீண்வேலை. வேறு வேறு கலப்புகளில் பிறந்த முதல் தலைமுறையை ஒன்றோடொன்று சேர்த்து அடுத்த ஈத்தைப் பார்க்கும்போதுதான் குணங்கள் பிரிந்து வெளியே வரும். நமக்கு வேண்டியது மூன்று ஒடுங்கு மரபணுக்கள் (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுபவை) ஒருசேர இரட்டையாக அமைந்த கன்று என்று வையுங்கள். வாய்ப்பு 64இல் ஒன்று. அது காளையாகவும் இருக்க வேண்டுமென்றால் 128இல் ஒன்று. 30 பசு வைத்து ஆண்டுக்கு 25 கன்று எடுத்தால், அந்த ஒரு கன்றுக்காகச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். உயரமும் கொம்பு வளைவும் மூன்று மரபணுக்களில் அடங்குகிற சமாச்சாரமும் இல்லை.

எல்லோரும் முதலில் நிறத்தில்தான் கண் வைக்கிறார்கள். எளிது என்பதால்தான். ஆனால் அதிலேயே சறுக்குவார்கள். ஆரோக்ஸ் காளை காரி, முதுகுத்தண்டு நெடுக ஒரு வெளிறிய கோடு, மூக்கைச் சுற்றி வெள்ளை வளையம். பசு செவலை. கன்றுகள் பிறக்கும்போது எல்லாமே செவலைதான், காளைக்கன்று சில மாதத்தில் கறுக்கும். ஒற்றைப் பிரதியிலேயே வெளிப்படும் ஓங்கு வகைக் கறுப்பு மரபணு மந்தைக்குள் நுழைந்துவிட்டால் பசுக்களும் காரியாகி, இந்த ஆண் பெண் வேறுபாடே மறைந்துபோகும். ஒடுங்கு வகைச் சிவப்பு இதற்கு நேர்மாறு: நல்ல காரிக் காளைக்குள் ஒளிந்திருந்து இரண்டு தலைமுறை கழித்து முழுச்சிவப்புக் காளையாக வெளிவரும். இத்தாலியின் மரெம்மானா, ஹங்கேரி சாம்பல் மாடு போன்றவை மயிலை நிறத்தைக் கொண்டுவரும். ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் மாட்டின் வெளிறல் மரபணு அரைகுறை ஓங்கு வகை, ஒற்றைப் பிரதியே நிறத்தை மங்கடித்துவிடும். பொலிகாளையைத் தேர்ந்தெடுக்கும் முன் வேரோடு பிடுங்கிய வால்முடியைக் கொடுத்து மரபணுச் சோதனை செய்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். ஹெக் சகோதரர்களுக்கு அந்த வசதி இல்லை.

அவர்களுடைய உண்மையான தவறு உயரத்தில். ஆரோக்ஸ் காளையின் தோள் உயரம் 155 முதல் 180 செ.மீ., பசு 135 முதல் 155. கால் நீளமானது, தோள் உயரமும் உடல் நீளமும் ஏறக்குறைய சமம். மடி சிறியது, வெளியே தெரியாது. ஹைன்ஸ் கலந்த கோர்சிகா மாடு சிறியது, ஹைலேண்ட் குட்டைக்கால். போடாத உயரம் எங்கிருந்து வரும்? இன்றைய ஹெக் காளை பெரும்பாலும் 140 செ.மீ. அளவில், நீண்ட உடலும் தொங்கிய வயிறுமாக, சாதாரணப் பண்ணை மாடாகத்தான் நிற்கிறது.

இதைச் சரிசெய்யத்தான் ஜெர்மனியின் லிப்பே ஆற்றுச் சமவெளியில் 1996 முதல் ஹெக் மாட்டோடு ஸ்பெயினின் சயகேசாவையும் இத்தாலியின் கியானினாவையும் கலந்தார்கள். உயரம் வந்தது. கூடவே கியானினாவின் குட்டைக்கொம்பும் வெள்ளை நிறமும் வந்தன. அவற்றைக் கழிக்க மேலும் தலைமுறைகள். 2008இல் நெதர்லாந்தில் தொடங்கிய டவ்ரோஸ் திட்டம் ஹெக் மாட்டைத் தொடாமல் புதிதாக ஆரம்பித்தது: உயரத்துக்கு சயகேசா, பெருங்கொம்புக்கு மரெம்மானா, கொம்பின் முன்வளைவுக்கும் ஆண் பெண் நிற வேறுபாட்டுக்கும் போர்ச்சுகலின் மரோனேசா, ஒல்லியான நீள்கால் உடலுக்கு ஸ்பெயினின் பஹூனா, குளிருக்கு ஹைலேண்ட். தென் ஐரோப்பிய மாடுகளுக்குக் குளிர்கால ரோமம் போதாது. ஆகவே பார்ப்பதற்கு எவ்வளவு பொருந்தாவிட்டாலும் வடக்கு இரத்தம் கொஞ்சம் வேண்டும். 2015இல் வெளியான 6,750 ஆண்டு பழைய பிரிட்டன் ஆரோக்ஸின் மரபணுத்தொகுதி, பிரிட்டன், அயர்லாந்தின் பழைய மாட்டினங்களில் அந்த ஆரோக்ஸின் பங்கு கூடுதலாக இருப்பதைக் காட்டியது. குட்டைக்கால் ஹைலேண்ட் மேல் எனக்கிருந்த இளக்காரம் அதற்குப் பிறகு குறைந்தது.

குளோனிங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முழு உட்கருவுள்ள செல் வேண்டும். எலும்பிலிருந்து கிடைப்பது பொடிப்பொடியாக உடைந்த டி.என்.ஏ. துண்டுகள். அதைக் கணினியில் ஒட்டிப் படிக்கலாம், கருப்பையில் வைக்க முடியாது. எந்த மாட்டை எதனோடு சேர்ப்பது என்று தீர்மானிக்க வழிகாட்டியாகப் பயன்படும், அவ்வளவுதான்.

அடுத்து உறவுச்சேர்க்கை. தோற்றத்தில் அசத்தும் ஒரே காளையை எல்லாப் பசுக்கள் மேலும் விடுவதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய சபலம். மந்தை மரபளவில் எத்தனை மாட்டுக்குச் சமம் என்று சொல்லும் பயனுறு மந்தையளவைக் காணக் காளை எண்ணிக்கையையும் பசு எண்ணிக்கையையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டலால் வகுக்க வேண்டும். 30 பசுவுக்கு ஒரு காளை என்றால் 3.9, அதாவது 31 மாடுகள் நின்றாலும் மரபளவில் நான்கு மாடுதான். தலைமுறைக்கு உறவுச்சேர்க்கை 12.9 விழுக்காடு ஏறும். மூன்று காளை விட்டால் 10.9, ஏற்றம் 4.6 விழுக்காடாகக் குறையும். அந்த மூன்றும் அண்ணன் தம்பிகளாக இருந்தால் இந்தக் கணக்கே பொய். சினை பிடிக்காமை, பலவீனக் கன்று என்று சில ஆண்டு கழித்துத்தான் விளைவு தெரியும். அப்போது திரும்பிப் போக வழி இருக்காது.

இப்போது உங்கள் சந்தேகம். ஆம், சட்டப்படி அவை வீட்டு மாடுகள்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் கன்று பிறந்து 20 நாளுக்குள் காதில் அட்டை குத்த வேண்டும் என்பது பொதுவிதி. கன்றைப் புதரில் ஒளித்துவிட்டுப் பக்கத்தில் காவல் நிற்கும் பசுவிடம் போய் இதைச் செய்வது ஆளைக் கொல்லும் வேலை. திறந்தவெளி மந்தை என்று கால நீட்டிப்பு வாங்காமல் தொடங்கக் கூடாது. செத்த மாட்டையும் அப்படியே விட்டுவிட முடியாது, விலக்கு பெற்ற இடங்களைத் தவிர எடுத்துச் சென்று அழிக்க வேண்டும். பிணந்தின்னிக் கழுகுக்கும் வண்டுக்கும் போக வேண்டியது லாரியில் போகிறது.

எனவே ‘மீட்பு’ என்ற சொல்லை நானும் ஏற்கவில்லை. பெரிய மேய்ச்சல் விலங்கு செய்துவந்த வேலையைச் செய்ய ஒரு மாற்று, அவ்வளவே. முரட்டுப் புல்லைக் கடித்து, புதரை உடைத்து, மண்ணைக் கிளறிப் புரண்டு, சாணம் போட வேண்டும். அந்தச் சாணத்திலேயே ஒரு பொறி இருக்கிறது. வழக்கமான ஐவர்மெக்டின் குடற்புழு மருந்து கொடுத்தால் அது சாணத்தில் வெளியேறிச் சாணவண்டின் புழுக்களைக் கொன்றுவிடும். மருந்து தேவைப்படுகிற மாட்டைக் கழித்து, தேவைப்படாத மாட்டை வைத்துக்கொள்வதே இங்கே முறை. ஒருத்தர் கையும் படாமல் கன்று போடாத பசுவுக்கும் அதே விதி.

முரட்டுத்தனத்தைக் காட்டுத்தனம் என்று குழப்பிக்கொள்வதும் உண்டு. லுட்ஸ் ஹெக் ஸ்பானியச் சண்டைக்காளையைச் சேர்த்தார். அது விலகி ஓடாமல் பாய்ந்து வருவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாடு. காட்டுவிலங்குக்கு வேண்டியது ஆளைக் கண்டதும் விலகிப்போகும் குணம். இங்கிலாந்தின் டெவன் பகுதிப் பண்ணை ஒன்று 2009இல் வாங்கிய ஹெக் மந்தையில், ஆட்களைத் தாக்க வந்த மாடுகளைக் கழித்துவிட்டதாக 2015இல் செய்தி வந்தது.

நிலம் சிறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்தின் ஊஸ்ட்ஃபார்டர்ஸ்ப்ளாஸன் என்ற இயற்கைக் காப்பகமே சான்று. 1983இல் 32 ஹெக் மாடுகளை விட்டார்கள், பிறகு கோனிக் குதிரைகள், செம்மான்கள். சுற்றிலும் வேலி. ஓநாய் இல்லை, குளிருக்கு மேட்டுநிலம் தேடிப் போக வழியில்லை. 5,600 ஹெக்டேரில் பெரும்பகுதி சதுப்பு. மேய்ச்சலுக்கு உதவும் காய்ந்த நிலத்தில் 5,000க்கு மேற்பட்ட விலங்குகள். 2017–18 குளிர்காலத்தில் 3,000க்கு மேல் செத்தன. பெரும்பாலானவற்றைப் பட்டினியில் விழுமுன் காவலர்களே சுட்டார்கள். மாட்டினத்தின் மேல் பழி போட்டவர்கள் உண்டு. எந்த மாடாக இருந்தாலும் அந்த வேலிக்குள் அதுதான் நடந்திருக்கும்.

நீங்கள் கேட்ட அளவு: மத்திய ஐரோப்பாவில் தீவனம் போடாமல் ஆண்டு முழுக்க மேய ஹெக்டேருக்கு 0.3 முதல் 0.6 வளர்ந்த மாடு. 30 பசு, மூன்று காளை, இரண்டு ஆண்டு இளங்கன்றுகள் சேர்த்தால் 60 மாட்டுக்குச் சமம். ஆகவே 100 முதல் 200 ஹெக்டேர் வேண்டும். கோடையின் பச்சையைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். மார்ச் முதல் வாரத்தில் நிற்கும் புல்தான் அளவு. உடல்நிலையை 1 முதல் 5 வரை மதிப்பிடும் முறையில் மாடு 3க்குக் குறையாமல் குளிர்காலத்துக்குள் நுழைய வேண்டும், வசந்தத்தில் 2க்கு இறங்கினால் பதற வேண்டாம்.

ஆண்டுக்கு 12 காளைக்கன்று பிறக்கும். பொலிக்கு ஒன்று எடுத்தது போக 11 மீதம். நான்கு வயதுவரை தரம் பார்க்க வேண்டும் என்பதால் அவற்றைத் தனிக் காளைக்கூட்டமாக நிறுத்த இன்னொரு துண்டு நிலம் வேண்டும். பிறகு சில வேறு இடத்து மந்தைக்குப் போகும், மற்றவை இறைச்சிக்கு. பல இடங்களில் வேலிச் செலவைக் கட்டுவதே அந்த இறைச்சிப் பணம்தான். இதற்குச் சம்மதமில்லாதவர் முதல் லாரி மாட்டை இறக்காமல் இருப்பது நல்லது.