மகனைப் பள்ளியில் கேலி செய்கிறார்கள், வளர்ந்தால் மறந்துவிடுவானா?

ஏழாவது படிக்கும் மகனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள் சகோதரி. ‘வளர்ந்தால் எல்லாம் மறந்துபோகும்’ என்று உங்கள் கணவர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு 34 வயது. நான் மறக்கவில்லை.

எனக்குத் திக்குவாய். பெரம்பூர் பக்கம் ஒரு பள்ளியில் படித்தேன். காலையில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ‘உள்ளேன் ஐயா’ சொல்ல வேண்டும். ‘உ’விலேயே நின்றுவிடுவேன். பின்பெஞ்ச் பையன்கள் ‘உ... உ... உ...’ என்று கோரஸ் பாடுவார்கள். ஒருநாள் வாத்தியாரும் சேர்ந்து சிரித்தார். அன்றோடு வீட்டில் சொல்வதை நிறுத்திவிட்டேன். தினமும் எட்டு மணியானால் வயிற்றைப் பிசையும். அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்து அனுப்புவார்.

அந்த வயிற்றுவலி ஆபீஸ் வரைக்கும் வந்தது. மீட்டிங்கில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும்போது, என் முறை வருவதற்குள் எழுந்து வெளியே போய்விடுவேன். தாம்பரம் ரயிலில் முதுகுக்குப் பின்னால் யார் சிரித்தாலும் என்னைத்தான் என்று தோன்றும். டீமுக்கு முன்னால் பேச வேண்டுமே என்று பிரமோஷனை இரண்டு தடவை வேண்டாம் என்றேன்.

எனக்குத்தான் தைரியம் போதவில்லை என்று நினைத்திருந்தேன். பிரிட்டனில் 1958-ல் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளைப் பல வருடங்களாகத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். 7, 11 வயதில் அடிக்கடி சீண்டலுக்கு ஆளானவர்களிடம் 45 வயதிலும் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்ததாக 2014-ல் ஆய்வுக் கட்டுரை வந்தது. அதைப் படித்த இரவு அழுதுவிட்டேன்.

அப்புறமும் டாக்டரிடம் போகத் தயக்கம். நம்ம சென்னையில் மனநல ஆஸ்பத்திரி இருக்கும் ‘கீழ்ப்பாக்கம்’ என்பதே ஒரு வசவு. என்னையும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். 1794-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி, இன்றும் அந்தப் பெயரைச் சொல்ல ஜனங்கள் கூசுகிறார்கள். முதல் தடவை மேடவாக்கம் டேங்க் ரோடு வரை போய், வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அடுத்த தடவை உள்ளே போனேன். ஓபி வரிசையில் எனக்கு முன்னால் ஸ்கூல் யூனிஃபார்மில் ஒரு பெண், பக்கத்தில் அவள் அம்மா. அந்த அம்மாவை நினைத்துதான் உங்களுக்கு இவ்வளவும் எழுதுகிறேன்.

திக்கு இன்னும் இருக்கிறது. வயிற்றுவலி பெரும்பாலும் போய்விட்டது.

‘நீயும் திருப்பிக் கொடு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். முடிந்திருந்தால் அவனே செய்திருப்பான். யார், எந்த நேரத்தில், என்ன சொல்கிறார்கள் என்று நிதானமாகக் கேளுங்கள். வகுப்பு ஆசிரியரை நேரில் பாருங்கள். சரியாகவில்லை என்றால் தலைமை ஆசிரியரிடம் எழுதியே கொடுங்கள். மனநல உதவி எண் 14416-க்கு இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பதில் சொல்வார்கள். காலையில் வயிறு வலிக்கிறது என்றால், அன்றைக்கு ஆபீஸுக்கு லேட்டானாலும் பரவாயில்லை, கொஞ்ச நேரம் அவன் பக்கத்தில் உட்காருங்கள்.