பாலினப் புள்ளிவிவரங்கள் திட்டமிடலுக்கு ஏன் முழுமையாகக் கைகொடுப்பதில்லை?

இந்தியாவில் பெண்களின் உழைப்பு தேசியத் திட்டமிடலில் ஏன் சரியாக இடம்பெறுவதில்லை என்ற கேள்விக்கான விடை, பெரும்பாலும் கணக்கெடுப்பின் வரையறைகளிலேயே தொடங்குகிறது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் வேலைவாய்ப்பு ஆய்வுகளில், வீட்டு வேலையோடு விறகு பொறுக்குதல், கால்நடைத் தீவனம் சேர்த்தல், வீட்டாருக்குத் துணி தைத்தல் போன்றவற்றையும் செய்யும் பெண்ணுக்கு 93 என்ற குறியீடு தரப்படுகிறது. அக்குறியீடு பெற்றவர் உழைப்பாளர் கணக்கிற்கு வெளியே நிறுத்தப்படுகிறார். வீட்டில் ஒருவரே எல்லோருக்குமாகப் பதில் சொல்லும்போது, "அவள் வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்ற ஒற்றை வாக்கியத்தில், அவள் சொந்த வயலில் நாற்று நட்ட நாட்களும் மறைந்துவிடக்கூடும். மற்றெல்லாக் குறைகளையும்விட, பெண்ணின் உழைப்பு இப்படிப் பதிவிலிருந்தே விடுபட்டுப்போவதுதான் பெரியது என்று கருதுகிறேன்.

2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டதைக் காட்டியது. ஆனால், 1998-99இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் முன்னோட்டம் நடந்த பிறகு, நாடு தழுவிய இந்த ஆய்வுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படிக் கிடைத்த தேசியச் சராசரியும், குழந்தைகள் காப்பகத்தையோ குடிநீர்க் குழாயையோ எந்த ஊரில் முதலில் அமைப்பது என்று தீர்மானிக்க வேண்டிய மாவட்ட அதிகாரிக்கு வழிகாட்டுவதில்லை.