பத்து மணி அந்திமந்தாரை

அன்புள்ள சார்,

நானும் என் தோழிகள் சிலரும் வீட்டில் செடி வளர்ப்பவர்கள். வெயில் ஏறத் தொடங்கும் இந்த நாட்களில் யார் வீட்டில் எது பூத்தாலும் படம் எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வோம். போன வாரம் ஒருத்தி வாசல் முழுக்க வழியும் காகிதப்பூவை அனுப்பினாள். இன்னொருத்தி இரங்கூன் மல்லிக் கொடியை அனுப்பினாள். என்னிடம் அப்போது பூத்திருந்தது அந்திமந்தாரை மட்டும்தான். வேலைகளை முடித்துவிட்டுக் காலை பத்து மணிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். கசக்கிப் போட்ட துணி மாதிரி இருந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வெறும் வேலியோரச் செடியை ஏன் அனுப்பினோம் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

இப்படிப் படம் அனுப்புவது தற்பெருமைதானே, நிறுத்திவிடலாமா? அப்புறம், என் காகிதப்பூத் தொட்டிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், மாதம் இருமுறை உரம் வைக்கிறேன், இலையாகத் தள்ளுகிறதே தவிர பூவைக் காணோம். ஏன்? செம்பருத்தியைப் படம் எடுத்தால் சிவப்புக் குழம்பாக வருகிறது. அதற்கு என்ன செய்வது? எழுதுகிறவரான உங்களுக்கு இதெல்லாம் அற்பமாகத் தோன்றலாம்.

ர.

*

அன்புள்ள ர.,

அற்பமாகத் தோன்றியிருந்தால் பதில் எழுதியிருக்க மாட்டேன். நான்கு நாட்களாக என் மேஜைமேல் ஒரு பழைய விதைப் பொட்டலம் கிடக்கிறது. அதைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. அதிலும் அந்திமந்தாரை. பொட்டலத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் சில்லறைக் கேள்விகள். தற்பெருமையா என்றால், ஆமாம், தற்பெருமைதான். இருந்துவிட்டுப் போகட்டும். மண் கலந்து, நீர் ஊற்றி, மாவுப்பூச்சியை விரலால் நசுக்கி வளர்த்த செடி பூத்ததற்குப் பெருமைப்படாமல் வேறு எதற்குப் பெருமைப்படுவது? அந்தக் கேள்வியில் இதற்குமேல் ஒன்றுமில்லை. செம்பருத்தியை உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். காலை நிழலில், ஒளியளவைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள், மடிப்புகள் தெரியும். அதுவும் முடிந்தது.

இனி சண்டைக்கு வருகிறேன். "வெறும் வேலியோரச் செடி" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "வெறும்" எங்கிருந்து வந்தது? உங்கள் தோழிகள் யாரும் அப்படிச் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. நீங்களாகவே சொல்லி, நீங்களாகவே வெட்கப்பட்டிருக்கிறீர்கள். பேசாமல் இருந்தவர்கள் மேல் ஏன் பழி?

உங்கள் தோழியின் காகிதப்பூவும் உங்கள் அந்திமந்தாரையும் ஒரே குடும்பம். தாவரவியலில் நிக்டாஜினேசியே என்பார்கள், இரவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். அதாவது அந்தக் குடும்பத்துக்கே உங்கள் செடியின் குணத்தை வைத்துத்தான் பெயர். இரண்டுக்கும் இதழ் கிடையாது. காகிதப்பூவில் நாம் பூ என்று பார்ப்பது பூவைச் சுற்றியிருக்கும் வண்ண இலை. உண்மையான பூ உள்ளே மும்மூன்றாக நிற்கும் சின்ன வெள்ளைக் குழல். அந்திமந்தாரையில் அல்லி இதழே இல்லை, புல்லிவட்டம்தான் நிறம் பூண்டு இதழ்போல விரிகிறது. ஆக இரண்டும் வேஷம் போட்டவை. ஒன்று பகல் முழுக்க வேஷத்தோடு நிற்கும், இன்னொன்று சாயங்காலம்தான் மேடையேறும். நீங்கள் மேடையேறும் நேரத்தில் போகாமல், காலையில் போய் ஒப்பனை கலைந்த முகத்தைப் படம் எடுத்துவிட்டு, அழகாயில்லை என்கிறீர்கள்.

(காகிதப்பூவின் ஆங்கிலப் பெயர் பூகேன்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடியுடையது. 1766இல் கிளம்பிய அவருடைய உலகப் பயணத்தில் கொம்மெர்சோன் என்ற தாவரவியலாளரும் இருந்தார். அவருக்கு உதவியாளராக, ஆண் வேடத்தில், ழான் பாரே என்ற பெண்ணும் கப்பலேறியிருந்தார். பூவுக்குத் தலைவர் பெயர்தான் கிடைத்தது. வேஷம் என்றதும் நினைவு வந்தது.)

அந்திமந்தாரை சுமாராக மாலை நான்கு மணிக்கு விரியும். ஆங்கிலத்தில் அதற்கு நாலு மணிப் பூ என்றே பெயர். வெயில் தணிந்ததும் விரிந்து, மணம் விட்டு, நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பெரிய அந்துப்பூச்சிகளுக்காக இரவெல்லாம் காத்திருக்கும். குழல் அவ்வளவு நீளமாயிருப்பது அவற்றுக்காகத்தான். பொழுது விடிந்து வெயில் ஏறினால் சுருங்கும். சுருங்கும்போது சும்மா சுருங்குவதில்லை. மகரந்தத் தாள்களும் சூல்தண்டும் உள்பக்கமாகச் சுருண்டு ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். இரவில் பூச்சி எதுவும் வராமல் போயிருந்தாலும் அந்தத் தொடுதலில் விதை பிடித்துவிடும். பூவுக்கு ஒரு விதை, கறுப்பாக, வரிவரியாக, சின்னப் பீரங்கிக் குண்டுபோல. (விதையும் கிழங்கும் நஞ்சு. வீட்டில் குழந்தை இருந்தால் கவனம்.)

பத்து மணிக்கு நீங்கள் எடுத்த கசங்கிய துணிக்குள் நடந்தது இதுதான். அந்தப் பூ தன் வாழ்நாளில் செய்கிற முக்கியமான வேலையின் படம் உங்கள் கையில் இருக்கிறது. அதைப் போய் அழித்திருந்தால் உங்கள்மேல் உண்மையாகவே கோபப்படுவேன். அழித்துவிட்டீர்களா?

இதே செடியை வைத்துத்தான் கார்ல் கோரென்ஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் 1909இல் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். பரம்பரை பற்றிய மெண்டலின் விதிகளை 1900இல் மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் அவர். அந்திமந்தாரையில் சில செடிகளில் ஒரு கிளை முழுப் பச்சையாகவும், ஒரு கிளை வெள்ளையாகவும், ஒரு கிளை இரண்டும் கலந்த திட்டாகவும் இருக்கும். பச்சைக் கிளைப் பூவில் விளைந்த விதை, எந்தக் கிளையின் மகரந்தம் விழுந்திருந்தாலும், பச்சைச் செடியாகத்தான் முளைத்தது. வெள்ளைக் கிளையின் விதை வெள்ளையாக முளைத்து, பச்சையம் இல்லாததால் சீக்கிரமே செத்தது. இலையின் நிறம் தாய்வழியில் மட்டுமே போகிறது என்று அப்படித் தெரிந்தது. காரணம், பச்சையம் இருக்கும் நுண்பொருள்கள் சூல்முட்டை வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. பரம்பரைப் பாடத்தின் ஒரு அத்தியாயமே இந்தச் செடியிடமிருந்து வந்தது. வெறும் வேலியோரச் செடி!

சரி, கோபம் தணிந்தது. நான் உண்மையில் சொல்ல வந்தது நேரத்தைப் பற்றி. நீங்களும் உங்கள் தோழிகளும் அனுப்பிக்கொள்ளும் படங்களில் பூ இருக்கிறது, பொழுது இல்லை. எந்த நாள், எத்தனை மணி, எத்தனையாவது பூ, மழைக்கு முன்பா பின்பா? ஒன்றுமே இல்லை. "இன்று பூத்தது" என்று ஒரு வரி. நாளைக்குப் பார்த்தால் அந்த "இன்று" எந்த இன்று?

இரங்கூன் மல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தோழியின் படத்தில் ஒரே கொத்தில் வெள்ளை, ரோஜா நிறம், சிவப்பு மூன்றும் இருந்திருக்கும். மூன்று நிறப் பூ என்று எல்லாரும் வியந்திருப்பீர்கள். மூன்றும் ஒரே பூதான், வயதுதான் வேறு. அந்தியில் வெள்ளையாக விரியும், மறுநாள் ரோஜா நிறம், அதற்கடுத்த நாள் சிவப்பு. வெள்ளையாயிருக்கும் இரவில் அந்துப்பூச்சி வரும். நிறம் ஏறியபின் பகலில் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வரும். கொத்தில் நீங்கள் பார்ப்பது மூன்று நாட்களை, ஒன்றாக நிற்க வைத்து. இது தெரியாமல் அந்தப் படத்தை எப்படிப் பார்ப்பது?

குளிர்நாட்டுக்காரர்களுக்குப் பனி விலகுவதே ஓர் அறிவிப்பு. அதன்பின் எல்லாம் சேர்ந்து பூக்கும். நம்மைப் போல வெக்கையில் வாழ்பவர்களுக்கு இளவேனிலின் கடைசி நாட்கள் அப்படி மணியடித்துக்கொண்டு வருவதில்லை. சரக்கொன்றை பெரும்பாலான இலையை உதிர்த்துவிட்டு மஞ்சளாகத் தொங்கும். செம்பருத்தி காலையில் விரிந்து மாலையில் மூடி முடிந்துபோகும். டேபிள் ரோஸ் வெயில் படாவிட்டால் கண்ணே திறக்காது. மழை லில்லிக்கு ஒரு நல்ல மழை வேண்டும், அதன்பிறகும் சில நாள். ஒவ்வொன்றும் தனித்தனி வேளையில் வருகிறது. நாம்தான் பத்து மணிக்கு வேலை முடித்துவிட்டுப் போய் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கிறோம்.

ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1751இல் பூக்களை வைத்து ஒரு கடிகாரமே யோசித்தார். வானிலையைப் பார்த்து நேரம் மாற்றுபவை, பகலின் நீளத்தைப் பார்த்து நேரம் மாற்றுபவை, சொன்ன நேரம் தவறாதவை என்று மூன்றாகப் பிரித்தார். அவர் ஊர்க் கடிகாரம் நமக்கு உதவாது. பூவுக்கு அந்தந்த இடத்து வெயில்தான் கணக்கு. உங்கள் மாடிக்கான கடிகாரத்தை நீங்கள்தான் எழுத வேண்டும்.

பூவின் பருவங்களுக்குத் தமிழில் ஏழு பெயர் என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். அரும்பிலிருந்து செம்மல் வரை ஒப்பிக்கவும் தெரியும். வீயை, அதாவது உதிர்ந்த பூவை, படம் எடுத்து அனுப்பியவர் யாராவது உண்டா? கீழே விழுந்ததைக் காலால் ஒதுக்கிவிட்டு, செடியில் நிற்பதைத்தானே எடுக்கிறோம். நானும் அப்படித்தான்.

இப்போது பொட்டலம். என் அத்தை, அப்பாவின் அக்கா, ஒரு பழைய கணக்கு நோட்டில் பூ எழுதுவார். கவிதை கிவிதை ஒன்றும் இல்லை. "மல்லி 3." "மல்லி 11. மாலை தூறல்." "செம்பருத்தி மொட்டு உதிர்ந்தது, எறும்பு." "அந்திமந்தாரை 4.10." அவ்வளவுதான். கையில் மண் ஒட்டியிருக்கும்போதே எழுதுவதால் பாதிப் பக்கம் கறை. எனக்கு அப்போது இருபது வயது. உலக இலக்கியம் முழுவதையும் படித்து முடிக்கும் அவசரத்தில் இருந்தேன். "இதை எழுதி யாருக்கு என்ன பயன் அத்தை?" என்று கேட்டேன். அவர் நோட்டிலிருந்து நிமிரவில்லை. "அடுத்த வருஷம் எனக்கே மறந்துடும்டா" என்றார்.

அவர் போன பிறகு நோட்டு என்னிடம் வந்தது. நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உங்களைத் திட்டிவிட்டு இதை மறைப்பது நியாயமில்லை. அந்த ஆண்டு அவருடைய அந்திமந்தாரை விதைகளை எல்லாருக்கும் கொடுத்தேன். பொட்டலம் மடிக்கத் தாள் வேண்டியிருந்தது. நோட்டைக் கிழித்து மடித்தேன். முப்பது நாற்பது பொட்டலம். விதையைப் பகிர்ந்துகொள்கிறேன் என்ற நிறைவு வேறு. விதை போன வழியே அவருடைய மாலைகளும் போய்விட்டன. யாரும் அந்தத் தாளைப் படித்திருக்க மாட்டார்கள். விதையைக் கொட்டிக்கொண்டு கசக்கி எறிந்திருப்பார்கள். நோட்டில் மிஞ்சியது அட்டையும் தையல் நூலும்.

போன வாரம் அலமாரியைத் துடைத்தபோது கொடுக்காமல் விட்ட ஒரு பொட்டலம் கிடைத்தது. பிரித்தேன். உள்பக்கம் நான்கு வரி. வைகாசி 9, மல்லி 14. வைகாசி 10, மல்லி 22, நல்ல மணம். வைகாசி 11, காற்று. வைகாசி 12, அ.ம. (அந்திமந்தாரைதான்) 3.50, மேகம். தேதி இருக்கிறது, ஆண்டு இல்லை. அத்தை ஆண்டு எழுதுகிறவர் இல்லை போலிருக்கிறது. அவருக்கு அது எப்போதும் இந்த ஆண்டுதான். நான்கு நாட்களாக அந்த 12ஆம் தேதியை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் அந்த வீட்டில் இருந்த கோடையா, அதற்கு முந்தியதா, கண்டுபிடிக்க வழியே இல்லை.

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736இல் வசந்தத்தின் அறிகுறிகளைக் குறித்துவைக்கத் தொடங்கினார். அவர் குடும்பம் 1958 வரை அதைத் தொடர்ந்தது. கியோட்டோவில் செர்ரி பூத்த நாட்களின் குறிப்புகள் ஒன்பதாம் நூற்றாண்டுவரை பின்னோக்கிப் போகின்றன. காலநிலை எப்படி மாறியது என்று கணக்கிடுபவர்கள் இன்று இவற்றைத் தேடி எடுத்துப் படிக்கிறார்கள். பூப் பார்க்கப் போன நாளை நாட்குறிப்பில் எழுதிவைத்தவர்களுக்கு அந்த நோக்கமெல்லாம் இருந்திருக்காது. அவர்கள் வீட்டில் தாளைக் கிழித்துப் பொட்டலம் மடிக்க ஒரு மருமகன் இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

ஆகவே படம் அனுப்புவதை நிறுத்த வேண்டாம். அடியில் நாள், மணி, ஆண்டு மூன்றையும் எழுதி அனுப்புங்கள். தோழிகளையும் எழுதச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உங்கள் பத்து மணிப் படத்துக்குக் கீழேயும் எழுதுங்கள். அழித்திருக்காவிட்டால்.

காகிதப்பூவைக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். நீங்கள் அதைத் தண்ணீரில் கெடுக்கிறீர்கள். அது வறட்சியில் பூக்கும் செடி. மேல்மண் நன்றாகக் காய்ந்து, இலை லேசாகத் துவளும்வரை விடுங்கள், அப்புறம் ஊற்றுங்கள். உரத்தை நிறுத்துங்கள், தழைச்சத்து ஏறினால் இலைதான் வரும். முழு வெயிலில் வையுங்கள். வேர் இறுகிய சின்னத் தொட்டியே அதற்குப் பிடிக்கும், பெரிய தொட்டிக்கு மாற்றிச் செல்லம் கொடுக்காதீர்கள். நானும் இரண்டு ஆண்டு தினமும் ஊற்றி அதை மரமாக்கி வைத்திருந்தேன்.

இதை எழுதும்போது மணி மூன்றரை. மேகம் மூடியிருக்கிறது. பொட்டலத்து விதை இத்தனை ஆண்டுக்குப் பிறகு முளைக்குமா என்று ஆறு விதையை ஊற வைத்திருக்கிறேன். பக்கத்துத் தொட்டியில் வேறொரு வழியில் வந்த செடியில் இரண்டு பூ இப்போதே பிரிந்துவிட்டன. ஒன்று மஞ்சள், ஒன்று மஞ்சளில் சிவப்புத் தெறித்தது. எழுதிவைத்துவிட்டேன், ஆண்டோடு.