பம்புக்கு நன்றி, பரவனாற்றுக்கு?

கேள்வி: மிக்ஜாம் புயலில் சென்னை மிதந்தபோது நெய்வேலி நிலக்கரி நிறுவனம் (என்.எல்.சி.) ராட்சத பம்புகளை அனுப்பியது. ஆஸ்திரேலியாவில் காட்டுத்தீ பரவியபோது சுரங்க முதலாளி ஆண்ட்ரூ ஃபாரஸ்ட் 7 கோடி ஆஸ்திரேலிய டாலர் நன்கொடை அறிவித்தார். சுரங்கக் கம்பெனிகளைத் திட்ட மட்டும்தான் உங்கள் பேனா திறக்குமா? ஒரு வார்த்தை பாராட்டினால் குறைந்தா போய்விடுவீர்கள்?
(வாசகர், குறிஞ்சிப்பாடி)

பதில்: குறைய மாட்டேன். பாராட்டிவிட்டே தொடங்குகிறேன்.

2023 டிசம்பரில் அந்த பம்புகள் வந்தது நல்ல காரியம். நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டு நிற்கிறது. இரவு பகலாக அதை இறைத்தால்தான் சுரங்கத்துக்குள் கால் வைக்கலாம். ஆகவே தண்ணீர் இறைப்பது அவர்களுக்குத் தினசரி வேலை. அரிசி மூட்டையை யாரும் கொடுக்கலாம், சோப்புக் கம்பெனியும் கொடுக்கும். அந்த பம்பும், அதை ராத்திரி ரெண்டு மணிக்கு சேற்றில் நின்று ஓட்டத் தெரிந்த தொழிலாளியும் சுரங்கத்திடம்தான் உண்டு. கையில் இருக்கும் தொழிலைக் கொண்டு உதவுவதுதான் உதவி. அந்தத் தொழிலாளிகளுக்கு என் வணக்கம்.

பணத்துக்கு வருவோம். 2013 கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2019-ல் பேரிடர் நிவாரணத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். எனவே காசோலையை நீட்டும் போட்டோவைப் பார்த்ததும் கண் கலங்க வேண்டாம், அதில் பெரும்பாலும் சட்டப்படி கட்டியே தீரவேண்டிய காசு. இன்னொரு வேடிக்கை: பிரதமர் பெயரிலான நிதிக்குக் கொடுத்தால் அந்த 2 சதவீதக் கணக்கில் வரும், முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தால் வராது. 2020-ல் மத்திய அரசே இப்படி விளக்கம் கொடுத்தது. வெள்ளம் மட்டும் மாநிலத்தில்தான் வருகிறது.

உங்கள் ஃபாரஸ்ட் விஷயம். முதலில், கொடுத்தது கம்பெனி அல்ல, அவருடைய குடும்ப அறக்கட்டளை. 2020 ஜனவரியில் அறிவித்த 7 கோடியில் 5 கோடி, வருங்காலத் தீயைச் சமாளிக்கும் திட்டத்துக்கும் ஆராய்ச்சிக்கும் ஒதுக்கப்பட்டது. வீடு எரிந்து கூடாரத்தில் இருந்தவனுக்கு ஆராய்ச்சி போர்வையாகாது என்று அங்கேயே முணுமுணுத்தார்கள். ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே ஆண்டு அவருடைய ஃபோர்டெஸ்க்யூ கம்பெனி, தான் இரும்புத்தாது வெட்டும் மண்ணின் பூர்வகுடிகளான யிஞ்சிபார்ன்டி மக்களின் நில உரிமையை எதிர்த்து நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய், மே மாதம் வெறுங்கையோடு திரும்பியது. தூரத்து ஊருக்கு நன்கொடை, பக்கத்து வீட்டுக்காரனுக்கு வழக்கு!

இப்போது நம்மூர். 2023 டிசம்பரில் பம்பு அனுப்பிய அதே நிறுவனம், அதே 2023 ஜூலையில் என்ன செய்தது? சுரங்கப் பக்கத்து ஆறான பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்காக மேல்வளையமாதேவி கிராமத்தில் நட்டு வளர்ந்து நின்ற நெல்லுக்குள் மண் அள்ளும் இயந்திரங்களை இறக்கியது. பச்சைப் பயிர் செயினுக்கு அடியில் மடங்கி மண்ணோடு மண்ணாகப் புரண்டதை டிவியில் நாடே பார்த்தது. நிலம் எப்போதோ கையகப்படுத்தியது, பணமும் கொடுத்தாயிற்று, மழைக்கு முன் கால்வாய் முடியாவிட்டால் வெள்ள ஆபத்து என்றது நிறுவனம். சரி, சட்டப்படி நிலம் அவர்களுடையதாகவே இருக்கட்டும். அறுவடை வரை ரெண்டு மாதம் பொறுக்க முடியாதா என்று உயர் நீதிமன்றமே கேட்டது, பயிருக்காக ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கவும் சொன்னது. வெள்ளத்தைத் தடுக்கத்தான் பயிரை அழித்தோம் என்றால், அந்த அவசரம் நாற்று விடும்போதே வந்திருக்க வேண்டாமா?

2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். சுரங்கத் தண்ணீரும் சேர்ந்துதான் எங்களை மூழ்கடித்தது என்றார்கள் பரவனாற்றங்கரை விவசாயிகள். நிறுவனம் மறுத்தது. எத்தனை பங்கு வானம், எத்தனை பங்கு சுரங்கம் என்று பிரித்துச் சொல்ல நான் பொறியாளன் இல்லை. ஆனால் சுரங்கத்தில் இறைக்கும் நீர் வாலாஜா ஏரி, பரவனாறு, பெருமாள் ஏரி வழியாகத்தான் கடலுக்குப் போகிறது என்பது அந்தப் பக்கம் மாடு மேய்க்கிற பையனுக்கும் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் அது எத்தனை மணிக்கு, எவ்வளவு வருகிறது என்று கரையில் இருப்பவனுக்கு முன்கூட்டித் தெரிந்தால் மாட்டை அவிழ்த்துவிடுவான், விதைநெல்லைப் பரணில் ஏற்றுவான். பேரிடர் உதவியில் இதற்கு மேல் ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் வரும் பெட்ஷீட்டும் பிஸ்கட்டும், பரணில் ஏறிய அந்த விதைநெல்லுக்கு ஈடாகுமா?

நீங்கள் குறிஞ்சிப்பாடிக்காரர், பெருமாள் ஏரி உங்களுக்குக் கூப்பிடு தூரம். கடந்த மழைக்காலத்தில் சுரங்கத் தண்ணீர் வரப்போகிறது என்று தண்டோராவோ மைக் கட்டிய ஆட்டோவோ உங்கள் தெருவுக்கு வந்ததா? வந்திருந்தால் தேதியோடு எழுதுங்கள். கொட்டை எழுத்தில் போட்டுப் பாராட்டுகிறேன்.