வாசகர் கேள்வி பதில்: கடல்மீன் தொட்டியில் யாருக்கு யார் ஒத்துப்போவார்கள்?

கேள்வி: நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி செய்து, உப்புத் தண்ணீர் நிரப்பி ஆறு வாரமாக ஓடவிட்டிருக்கிறேன். கழிவிலிருந்து வருகிற விஷமான அம்மோனியா இப்போது பூஜ்யம் காட்டுகிறது. இரண்டு நீமோ (க்ளவுன் மீன்), ஒரு டோரி, ஒரு மஞ்சள் டேங் மீன், ஒரு எம்பரர் ஏஞ்சல் குட்டி, ஒரு மாண்டரின், முடிந்தால் ஒரு லயன்ஃபிஷ், இதுதான் என் பட்டியல். அப்புறம் கோரலும் (உயிருள்ள பவளம்) வைக்க ஆசை. எல்லா மீனையும் ஒரே நாளில் விடலாம் என்கிறார் கடைக்காரர். விடலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: முதலில் பாராட்டு. ஆறு வாரம் வெறும் கல்லையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எல்லோராலும் முடியாது. என்னால் முடிந்ததில்லை, அந்தக் கதை கீழே வருகிறது. இனி கெட்ட செய்தி. உங்கள் பட்டியலில் உள்ள ஏழு மீனில் நான் தயங்காமல் சம்மதிப்பது இரண்டு நீமோவுக்கு மட்டும்தான்.

உங்கள் தொட்டி ஒன்பது கன அடி, அதாவது சுமார் 255 லிட்டர். மணலும் கல்லும் போட்டபின் தண்ணீர் 200 லிட்டர் இருந்தால் அதிகம். கடையில் நீங்கள் பார்த்த எம்பரர் குட்டி நாலு விரல் நீளம் இருந்திருக்கும், கருநீல உடம்பில் வெள்ளை வளையங்கள், யார் பார்த்தாலும் மயங்கத்தான் செய்வார்கள். வளர வளர அந்த வளையங்கள் போய் மஞ்சள் கோடுகள் வரும், நீளம் 40 செ.மீ. வரை போகும். உங்கள் தொட்டியின் அகலமே 45 செ.மீ.தான், அது திரும்புவதற்குக்கூட இடம் இருக்காது. போதாக்குறைக்கு, நீங்கள் காசு போட்டு வைக்கப்போகிற கோரலை அது கொத்தித் தின்னும்.

டோரி என்று கடைகளில் விற்கிற நீல டேங்கும் 30 செ.மீ. வரை வளரும். நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிற மீன், அதற்கு ஆறடித் தொட்டியாவது வேண்டும். இடம் போதாவிட்டாலோ பயந்தாலோ அதற்கு முதலில் வருவது வெள்ளைப்புள்ளி நோய். ரவையைத் தூவியதுபோல உடம்பெல்லாம் தெரியும். அதற்கு நம்பகமான மருந்து செம்பு (காப்பர்) கலந்தது, ஆனால் அந்தச் செம்பே இறால், நத்தை, கோரல் எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்பதால் கோரல் உள்ள தொட்டியில் அதை ஊற்றவே முடியாது. அதனால்தான் எந்த மீன் வாங்கினாலும் தனியாக ஒரு சின்னத் தொட்டியில், மணல் இல்லாமல் ஒரு பைப் துண்டு மட்டும் போட்டு, நாலு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுப் பெரிய தொட்டியில் விடுங்கள் என்று இந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப எழுதுகிறேன்.

லயன்ஃபிஷ் 'ரீஃப் சேஃப்', அதாவது கோரல் தொட்டிக்கு ஆபத்தில்லாதது என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். பொய் இல்லை, அது கோரலைத் தொடாது. கோரலுக்கு நடுவே நீந்துகிறவர்களைத்தான் விடாது. வாய்க்குள் அடங்குகிற எதுவும் அதற்குச் சாப்பாடு, ராத்திரியோடு ராத்திரியாக நீமோ காணாமல் போய்விடும், காலையில் அது ஒன்றும் தெரியாத முகத்தோடு மூலையில் மிதந்துகொண்டிருக்கும். முதுகு முள்ளில் விஷம் வேறு. வீட்டில் குழந்தை இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

மாண்டரின் சாது, யாரையும் தொந்தரவு செய்யாது. அதன் பிரச்சினை வயிறு. கல்லில் ஊர்கிற, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சிகளைத்தான் காலையிலிருந்து இரவு வரை கொத்திக்கொண்டிருக்கும். தட்டில் போடுகிற தீனியைப் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆறு வாரத் தொட்டியில் அந்தப் பூச்சிகள் ஏது? சில வாரங்களில் வயிறு உள்ளே ஒட்டிப்போய்ச் செத்துவிடும். தொட்டிக்கு ஒரு வயதாகட்டும், கல்லும் நிறைய இருக்கட்டும், அப்போது யோசிப்போம். பண்ணையில் வளர்த்து உறைந்த தீனிக்குப் பழக்கிய மாண்டரின் கிடைத்தால் இன்னும் நல்லது.

மஞ்சள் டேங் நான்கடித் தொட்டியில் சமாளிக்கும், ஆனால் ஒன்றே ஒன்று, அதுவும் எல்லோரும் குடியேறியபின் கடைசியில். முதலில் விட்டால் தொட்டி முழுக்கத் தன் பெயரில் பட்டா என்று நினைத்துக்கொள்ளும். வாலடியில் கத்திபோல ஒரு முள் இருக்கிறது, புதிதாக வருகிறவரின் விலாவை அது பதம் பார்க்கும். இந்த மீன் ஒரு காலத்தில் முழுக்க ஹவாய்க் கடலில் பிடித்து வந்தது; 2015-இல் முதல் முறையாகப் பண்ணையில் குஞ்சு வளர்த்துக் காட்டினார்கள், இப்போது அப்படி வளர்த்ததும் சந்தையில் கிடைக்கிறது.

சரி, வரிசைக்கு வருவோம். பயந்தாங்கொள்ளிகள் முதலில்: ஒரு ஃபயர்ஃபிஷ், ஒரு ஜோடி பாங்காய் கார்டினல். இரண்டு மூன்று வாரம் போகட்டும். பிறகு நீமோ ஜோடி. அப்புறம் ஆசைப்பட்டால் ஒரு ராயல் கிராமா; முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள், உங்கள் நிறப் பசிக்கு அது போதும். கடைசியில் டேங். ஒரே நாளில் எல்லோரையும் விட்டால் அவ்வளவு கழிவையும் செரிக்கிற பாக்டீரியா உங்கள் கல்லில் இன்னும் இல்லை, இப்போது பூஜ்யம் காட்டுகிற அம்மோனியா மறுநாளே ஏறிவிடும்.

கேள்வி: தொட்டி பழகுவதற்காக, அதாவது கழிவைச் செரிக்கிற பாக்டீரியா வளர்வதற்காக, மூன்று டாமினோ டேம்சல் மீன் விட்டேன். விலை குறைவு, சாகவே சாகாது என்றார்கள். உண்மைதான், சாகவில்லை. ஆனால் அதற்குப்பின் விட்ட நாலு மீனையும் துரத்தித் துரத்திக் கொன்றுவிட்டன. இப்போது மூன்றில் ஒன்றுதான் மிச்சம், மற்ற இரண்டையும் அதுவே முடித்துவிட்டது. என்ன செய்வது? (வாசகி, மதுரை)

பதில்: முதல் பதிலில் நான் சொன்ன கதை இதுதான். நானும் வாங்கினேன். கறுப்பாக, நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, பக்கத்துக்கு ஒன்று, நகம் அளவு. கடைக்காரர் பைக்குள் போட்டுக் கொடுத்தபோது பாவமாக இருந்தது. எட்டு மாதத்தில் பொட்டெல்லாம் மங்கி, உள்ளங்கை அளவுக்கு வளர்ந்து, பாசி துடைக்கக் கையை விட்டால் கையைக் கடிக்க வந்தது. ஒரு ஃபயர்ஃபிஷ் ஒரே சாயங்காலத்தில் போயிற்று.

வலை போட்டுப் பிடிக்கலாம் என்று கனவு காணாதீர்கள், கல் இடுக்கெல்லாம் அதற்கு அத்துப்படி. தண்ணீர் பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டித் தலைகீழாக உள்ளே செருகுங்கள், ஓரத்தில் ஓட்டை போட்டு நூல் கட்டுங்கள், உள்ளே ஒரு துண்டு இறால், அடியில் கனத்துக்கு ஒரு கல். ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட்டுவிட்டு இறக்குங்கள். முதல் மூன்று நாள் என் டாமினோ பாட்டிலைச் சுற்றி வந்து வெளியிலிருந்தே இறாலை முறைத்தது. நாலாம் நாள் காலையில் உள்ளே இருந்தது. அதைக் கடைக்கே திருப்பிக் கொடுத்தேன். காசு கேட்கவில்லை, அவரும் தரவில்லை.

பிடிக்கவே முடியவில்லையா? கல்லையெல்லாம் கலைத்து வேறு மாதிரி அடுக்குங்கள், அதன் எல்லைக்கோடு அழிந்துவிடும். அன்றைக்கே புது மீனை ஓட்டை போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் தொட்டிக்குள் தொங்கவிட்டு நாலைந்து நாள் முகம் பழக விட்டு, பிறகு திறந்துவிடுங்கள். சில மீன்களுக்கு இது பலிக்கும். பெரிய டாமினோவிடம் எனக்குப் பலிக்கவில்லை. இனிமேல் தொட்டி பழக்க மீன் வேண்டாம், உரித்த இறால் ஒரு துண்டு போட்டு அழுகவிட்டாலே அம்மோனியா வரும், வேலை நடக்கும்.

கேள்வி: இரண்டு க்ளவுன் வாங்கினேன், ஆணும் பெண்ணும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டும் ஒரே அளவு. வாயோடு வாய் கவ்விச் சண்டை போடுகின்றன. ஏமாற்றிவிட்டார்களா? அனிமோன் (க்ளவுன் குடியிருக்கிற, பூப்போன்ற கடல் பிராணி) வைத்தால் சமாதானம் ஆகுமா? (வாசகர், சேலம்)

பதில்: ஏமாற்றினார்களோ இல்லையோ, குட்டி க்ளவுனில் ஆண் பெண் என்று யாராலும் பிரித்துக் கொடுக்க முடியாது. எல்லாக் க்ளவுனும் ஆணாகத்தான் தொடங்கும்; கூட்டத்தில் பெரியது, அடாவடியானது பெண்ணாக மாறும், அடுத்தது அதற்குத் துணை. பெண் செத்தால் அந்தத் துணை பெண்ணாகிவிடும். மாறியது திரும்ப ஆணாகாது. அதனால் வளர்ந்த இரண்டை வேறு வேறு இடத்தில் வாங்கி ஒன்றாக விட்டால், இரண்டும் பெண்ணாக இருக்க வாய்ப்புண்டு, ஒன்று சாகும்வரை விடமாட்டார்கள்.

உங்களுடையவை எவ்வளவு பெரியவை என்று எழுதவில்லை. இரண்டு அங்குலத்துக்குள் என்றால் ஒரு வாரம் பொறுங்கள். ஒன்று மற்றதன் முன்னால் சாய்ந்து படுத்து உடம்பைக் கிடுகிடுவென்று நடுக்கிக் காட்டினால் முடிவு தெரிந்துவிட்டது, 'நீயே பெரியவள்' என்று ஒப்புக்கொண்டாயிற்று. நடுக்கம் வராமல் துடுப்பு மட்டும் கிழிந்துகொண்டே போனால் பிரித்துவிட்டு, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அதைவிடத் தெளிவாகச் சின்னதாக இன்னொன்று வாங்குங்கள். மெரூன் க்ளவுன் என்றால் இன்னும் ஜாக்கிரதை, அந்த இனத்துக்கே கோபம் அதிகம். இரண்டு வேறு வகைக் க்ளவுனை ஒரே தொட்டியில் சேர்க்கவே வேண்டாம்.

அனிமோன் வைத்துச் சமாதானம் செய்ய முடியாது. அதற்கு நல்ல வெளிச்சமும் பழகிய தொட்டியும் வேண்டும், பிடிக்காவிட்டால் இடம் தேடி நகரும், நகர்ந்து போய்ப் பம்பில் மாட்டி அரைபட்டால் மறுநாள் தொட்டியே நாறும். பண்ணையில் பிறந்த க்ளவுன் அது இல்லாமலே நன்றாக இருக்கும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்திலேயே க்ளவுனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள், ஆகவே கடலில் பிடித்தது வேண்டாம், பண்ணை மீன்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மூடி போடாத தொட்டியில் ஃபயர்ஃபிஷ் வைக்கலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அது துள்ளி வெளியே விழுகிற மீன். காலையில் சோபாவுக்கு அடியில் கருவாடு பொறுக்கத் தயார் என்றால் வைக்கலாம். இல்லையென்றால் கொசுவலை மாதிரி ஒரு வலையைச் சட்டத்தில் கட்டி மேலே போடுங்கள். கண்ணாடி மூடியைவிட வலை மேல், சூடு வெளியே போகும்.

கேள்வி: எங்கள் ஊர் ராமேஸ்வரம் பக்கம். கரையில் பவளக்கல் கிடக்கிறது, தெரிந்தவர் வலையில் கடல்குதிரையும் வரும் என்கிறார். காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும், எடுத்து வந்து விட்டால் என்ன? (வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்)

பதில்: ஜெயிலுக்குப் போகலாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கல் பவளங்கள், கடல் விசிறி, கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டு என்றாலும் எடுத்து வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை கிடையாது. உங்கள் பக்கத்துக் கடலில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகப் பாறை பாறையாகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள், அதில் போனது இன்னும் திரும்பி வரவில்லை.

சட்டத்தை விடுங்கள், கடல்குதிரை உங்கள் தொட்டிக்கும் பொருந்தாது. மெதுவாக நீந்தி, மெதுவாகத் தின்கிற பிராணி அது. க்ளவுனும் டேங்கும் இருக்கிற இடத்தில் அது தீனியைப் பார்த்து முடிப்பதற்குள் தீனி தீர்ந்துவிடும். கல்லுக்குச் செயற்கையாகச் செய்த பாறை கிடைக்கிறது, ஆறு மாதத்தில் பாசி ஏறி அசல்போலவே ஆகிவிடும்.

கேள்வி: என்னிடம் இருப்பது இரண்டடித் தொட்டி, 70 லிட்டர் பிடிக்கும். வீட்டில் இதற்குமேல் இடமில்லை. சுவாரசியமாக ஏதாவது வளர்க்க முடியுமா? (வாசகி, சென்னை)

பதில்: முடியும், எனக்கே பிடித்த கேள்வி இது. மஞ்சள் வாட்ச்மேன் கோபி என்கிற சின்ன மீன் ஒன்று, ஒரு பிஸ்டல் இறால். வேண்டுமானால் மேலே நீந்த ஒரு ஃபயர்ஃபிஷ், அவ்வளவுதான். க்ளவுன் வேண்டாம், 70 லிட்டரில் அது பெரிதானால் கோபியை வெளியே தலைகாட்ட விடாது.

மணல் மூன்று அங்குலமாவது போடுங்கள், நடுவே சிப்பித் துண்டும் பொடிக்கல்லும் கலந்து. கல்லை மணல்மேல் வைக்காதீர்கள், அடிக்கண்ணாடிமேல் உட்காரவைத்துவிட்டுச் சுற்றி மணல் போடுங்கள், இறால் தோண்டுகிற தோண்டலில் கல் சரிந்தால் தொட்டி உடையும். சென்னை மே மாதத்தில் சின்னத் தொட்டி சீக்கிரம் சூடாகும். 27 டிகிரியைத் தாண்டாமல் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கிற கருவி) வைத்தால் உத்தமம், இல்லாவிட்டால் தண்ணீர்ப் பரப்பின்மேல் ஒரு குட்டி ஃபேனாவது ஓடட்டும். ஃபேனால் குறைகிற தண்ணீருக்கு ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், உப்புத் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஆவியாவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயேதான் இருக்கிறது.

இரண்டையும் விட்ட மறுநாளோ அடுத்த வாரமோ ஒன்றையொன்று கண்டுபிடித்துவிடும். இறாலுக்குப் பார்வை மட்டம். அது புல்டோசர் மாதிரி மணலை அள்ளி அள்ளி வெளியே கொட்டும், அப்போதெல்லாம் ஒரு மீசையைக் கோபியின் உடம்பில் தொட்டபடியே வைத்திருக்கும். கோபி வாசலில் உட்கார்ந்து காவல். நீங்கள் சடாரென்று கையை ஆட்டினால் கோபியின் வால் ஒரு துடி துடிக்கும், அடுத்த நொடி இரண்டும் வளைக்குள். அப்புறம் ஒரு விஷயம்: ராத்திரி தொட்டியிலிருந்து 'டக்' என்று சத்தம் வரும், கண்ணாடி விரிசல் விட்டதுபோலவே இருக்கும். இறால் கொடுக்கைச் சொடுக்குகிற சத்தம் அது. முதல் தடவை நான் இரண்டு மணிக்கு எழுந்து, டார்ச் அடித்து, நாலு மூலையையும் கையால் தடவிப் பார்த்தேன்.