மூன்று நாள் சிங்கப்பூர்: வயிற்றுக்கும் பெட்டிக்கும் சில பதில்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் வரும் கேள்விகள் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும்: எங்கே சாப்பிடுவது, எதை வாங்குவது, வரி எவ்வளவு திரும்பக் கிடைக்கும். மூன்று, நான்கு நாள் தங்குகிறவர்களுக்குப் பணத்தைவிட நேரம்தான் தட்டுப்பாடு. அந்தக் கணக்கில்தான் பதில் எழுதியிருக்கிறேன். விலைகள் வெள்ளியில், அதாவது சிங்கப்பூர் டாலரில்.

அப்பாவும் அம்மாவும் முட்டைகூடச் சேர்க்காத சைவம். மூன்று நாளும் இட்லி, தோசைதானா? உணவங்காடிப் பக்கமே போக முடியாதா? (கோயம்புத்தூர் வாசகி)

பல சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் உணவங்காடிக்குத் தாராளமாகப் போகலாம். ஆனால் தட்டில் காய்கறி தெரிகிறது என்பதை நம்பி உட்காராதீர்கள். சிங்கப்பூர்ச் சமையலில் அசைவம் ஒளிந்திருக்கும் இடங்கள் வேறு. சம்பல் என்ற மிளகாய்ச் சட்னியில் பெலாச்சான், அதாவது இறால் விழுது இருக்கும். லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பில் காய்ந்த இறால் அரைந்திருக்கும். சீன ரோஜாக்கில் பழமும் வெள்ளரியும்தானே என்று நினைப்பீர்கள். அதன் கறுப்புச் சாந்தே இறாலில் செய்தது. சோற்றோடு பிடித்த கறிகளைச் சேர்த்துத் தரும் கலவைச் சோற்றுக் கடையில் கீரையைக் கேட்டால் அதில் சிப்பிச் சாறு ஊற்றியிருப்பார்கள். பிராட்டாவுக்கு, அதாவது இங்குள்ள பரோட்டாவுக்கு, வரும் குழம்பு பெரும்பாலும் மீனோ கோழியோதான். 'பருப்புக் குழம்பு தனியாக இருக்கிறதா' என்று தமிழிலேயே கேளுங்கள், பல கடைகளில் பதிலும் தமிழிலேயே வரும். முட்டை பிராட்டாவும் அதே கல்லில்தான் வேகும். அது மனத்துக்கு ஒவ்வாதவர்கள் பிராட்டாவை விட்டுவிடுவதே நல்லது.

பெரிய உணவங்காடிகள் பலவற்றில் சீனச் சைவக் கடை ஒன்று இருக்கும். பௌத்த வழக்கப்படி சமைப்பதால் பலர் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. ஆனால் முட்டை சேர்க்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். காலையில் அங்கே கிடைக்கும் சைவ பீஹூன், முட்டைக்கோஸும் பொரித்த சோயாத் தோலும் போட்ட சேமியா. பெற்றோருக்கு நிச்சயம் பிடிக்கும். இறைச்சி போலவே தோன்றும் சோயாத் துண்டுகளைப் பார்த்து அப்பா முகம் சுளித்தால் அவற்றை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு மதியம்தான் ஒதுக்க முடியும் என்றால் வாட்டர்லூ ஸ்திரீட்டுக்கு அழைத்துப் போங்கள். ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் சீனர்களின் குவான் இம் கோயிலும் அருகருகே இருக்கின்றன. சீன பக்தர்கள் கிருஷ்ணருக்கும் ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போவார்கள். கும்பிட்டு முடித்ததும் நடக்கும் தூரத்தில் மிடில் ரோட்டில் ஃபார்ச்சூன் சென்டர். வெளியே இருந்து பார்த்தால் பழைய அலுவலகக் கட்டடம் போலத்தான் இருக்கும். உள்ளே பல சைவ உணவகங்கள்.

இனிப்பில் கவலை குறைவு. தேங்காய்ப் பாலும் பனைவெல்லமும் ஊற்றிய செண்டோல், சோயாப் பாலில் உறைந்த தாவ் ஹுவே, உள்ளே பனைவெல்லம் வைத்து அவித்த புட்டு பிரிங் மூன்றும் சைவம். காயா தடவிய ரொட்டி மட்டும் வேண்டாம். காயா என்பது தேங்காய்ப் பாலும் முட்டையும் சேர்த்துக் கிண்டிய ஜாம். இதற்கெல்லாம் பிறகும் தோசைதான் வேண்டும் என்று அம்மா சொன்னால் வாதாடாதீர்கள். லிட்டில் இந்தியா பகுதியின் சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் 1947 முதல் இருக்கிறது.

நான் அசைவம். ஒரே ஒரு நாள். எதைத் தவறவிடக் கூடாது? (தஞ்சாவூர்)

காலையில் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா நிலையத்தில் பிராட்டாவும் மீன் குழம்பும். அப்படியே பக்கத்து ஈரச்சந்தையையும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள், நாலு நாட்டு மீனும் ஊர்க் கறிவேப்பிலையும் அடுத்தடுத்துக் கிடக்கும். மதியம் ரேஸ் கோர்ஸ் சாலையில் மீன் தலைக் கறி. இந்தியாவில் இது பழைய உணவு என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. உண்மையில் கேரளத்திலிருந்து வந்த சமையற்காரர் ஒருவர், மீன் தலையை விரும்பும் சீன வாடிக்கையாளர்களுக்காக இங்கே தொடங்கி வைத்தது. இரண்டு பேருக்குக் குறையாமல் போங்கள், தலை பெரியது. இரவு சுல்தான் பள்ளிவாசல் எதிரே முர்தபா, அதாவது கறியும் முட்டையும் வைத்து மடித்த பரோட்டா. அங்கே ஸம் ஸம் கடை 1908 முதல் நடக்கிறது. கோழிச் சோற்றுக்கு மேக்ஸ்வெல் உணவங்காடி வரிசையில் முக்கால் மணி நேரம் நிற்காதீர்கள். ஒரு நாள் பயணிக்கு அந்த நேரம் கட்டுப்படியாகாது, சுமாரான வட்டார உணவங்காடியிலும் நல்ல கோழிச் சோறு கிடைக்கும்.

எனக்குச் சர்க்கரை நோய். 'கோப்பி' கேட்டால் பாயசம் போல வருகிறது. (திருநெல்வேலி)

வெறும் 'கோப்பி' என்றால் கெட்டிப்பால் ஊற்றித்தான் தருவார்கள். 'கோப்பி சி கொசோங்' என்று கேளுங்கள்: இனிப்பில்லாத ஆவிப்பால், சர்க்கரை கிடையாது. பால் வேண்டாமென்றால் 'கோப்பி ஓ கொசோங்'. கெட்டிப்பால் ஊற்றி ஆற்றித் தரும் தேநீரான தே தாரிக்கை மறந்துவிடுங்கள்.

உணவங்காடியில் காலி மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தது. எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். ஒரு பெண் முறைத்தார். என்ன தவறு? (மதுரை)

அந்தப் பொட்டலம்தான் அவருடைய முன்பதிவு. சட்டம் எதுவும் இல்லை, ஆனாலும் எல்லாரும் மதிக்கிறார்கள். குடை, அலுவலக அடையாள அட்டை கிடந்தாலும் அதே அர்த்தம். (அடையாள அட்டையை மேசையில் போட்டுவிட்டுச் சோறு வாங்கப் போகும் துணிச்சல் எனக்கே இன்னும் வியப்புதான்.) பாதி காலியான மேசையில் 'உட்காரலாமா' என்று கேட்டுப் பகிர்ந்துகொள்ளலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 முதல் இது சட்டம். முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி அபராதம்.

ஓர் ஆளுக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு எவ்வளவு வைத்துக்கொள்ள வேண்டும்? (சேலம்)

உணவங்காடியில் ஒரு வேளைக்கு 5 முதல் 8 வெள்ளி போதும். குளிரூட்டிய உணவகத்தில்தான் கணக்கு மாறும். பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் அதற்கு மேல் 9 சதவீதப் பொருள் சேவை வரியும் சேரும். 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் கொடுப்பது 119 வெள்ளி 90 காசு. சீன உணவகத்தில் கேட்காமலே வரும் வேர்க்கடலைக்கும் ஈரத் துண்டுக்கும் காசு உண்டு. வேண்டாமென்றால் உடனே திருப்பிக் கொடுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், ஒரு புட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். டிப்ஸ் வழக்கம் இல்லை.

முஸ்தபா பேரங்காடியில் வாங்கினால் வரி முழுவதும் திரும்பக் கிடைக்குமா? என் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான், அவன் பெயரில் வாங்கலாமா? (திருச்சி)

இரண்டாவதற்கு முதலில் பதில்: கூடாது. வேலை அனுமதி அட்டை வைத்திருப்பவர்கள், நிரந்தரவாசிகள், குடிமக்கள் யாருக்கும் இந்தச் சலுகை இல்லை. சுற்றுப்பயணியாக வந்திருக்கும் நீங்கள், உங்கள் கடவுச்சீட்டைக் கடையில் காட்டி வாங்க வேண்டும். கைபேசியில் எடுத்த படம் போதாது, அசல் கையில் இருக்க வேண்டும்.

வரியுடன் சேர்த்துக் குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்கியிருக்க வேண்டும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய ரசீதுகளாக இருந்தால் மூன்று வரை சேர்த்துக்கொள்ளலாம். கணவர் ரசீதையும் மனைவி ரசீதையும் கூட்ட முடியாது. ஆகவே பொருளைப் பிரித்து வாங்காமல் ஒருவரே வாங்குங்கள். 'முழுவதும்' என்பதும் நடக்காது. 109 வெள்ளிப் பொருளில் வரி 9 வெள்ளி. அதிலும் கையாளும் நிறுவனம் தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டு மீதியைத் தரும்.

பலர் கோட்டைவிடுவது விமான நிலையத்தில். வாங்கிய பொருள் பெரிய பெட்டிக்குள் போகிறது என்றால், பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே வரித் திருப்பு இயந்திரத்துக்குப் போங்கள். சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொன்னால் அது அப்போது உங்களிடம் இருக்க வேண்டும். மலேசியாவின் ஜொகூருக்குப் பஸ்ஸில் போய் அங்கிருந்து ஊர் திரும்புகிறவர்களுக்கு எதுவும் கிடைக்காது, தரைவழி எல்லையில் இந்த வசதி இல்லை.

இன்னொன்று. முஸ்தபா இரவு பகலாகத் திறந்திருந்த காலம் 2020உடன் போய்விட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு டாக்சி பிடித்துப் போய்ப் பூட்டிய கதவைப் பார்க்காதீர்கள்.

நகை வாங்கலாமா? (கும்பகோணம்)

சேமிப்புக்காக என்றால் வேண்டாம். சிராங்கூன் சாலைக் கடைகளில் 916 தங்கம் தரமானதுதான், வேலைப்பாடும் சில இடங்களில் வித்தியாசமாக இருக்கும். ஆனால் நகைக்கு 9 சதவீத வரி, செய்கூலி, ஊரில் இறங்கியதும் சுங்கத் தீர்வை என்று வரிசையாக வரும். தீர்வையில்லாமல் நகை கொண்டுவரும் இந்தியச் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியவர்களுக்குத்தான். மூன்று நாள் பயணிக்கு இல்லை. 'கழுத்தில் போட்டுக்கொண்டால் யார் கேட்பார்கள்' என்று யோசனை சொல்லும் உறவினரை நம்பாதீர்கள். ஊரிலிருந்தே கனமான நகை அணிந்து வருவதாக இருந்தால், புறப்படும்போது இந்தியச் சுங்கத்தில் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது விவாதம் மிச்சம்.

பேரம் பேசலாமா? (ஈப்போ)

பூகிஸ் ஸ்திரீட், சைனாடவுன் சாலையோரக் கடைகளில் மென்மையாகக் கேட்கலாம். மற்ற இடங்களில் வேண்டாம். சாப்பாட்டுக் கடையில் கேட்கவே கேட்காதீர்கள்.

ஞாயிறு மாலை லிட்டில் இந்தியா பக்கம் போக வேண்டாம், அவர்கள் கூட்டம் அதிகம் என்கிறார்களே? (சென்னை)

கூட்டம் அதிகம்தான். வாரம் முழுவதும் கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைத்தவர்கள், ஊருக்குப் பணம் அனுப்பவும் நண்பர்களைப் பார்க்கவும் வரும் நாள் அது. உங்களுக்கு நிதானமாகச் சேலை பார்க்க வேண்டுமென்றால் செவ்வாய்க்கிழமை காலையில் போங்கள். 'அவர்கள் கூட்டம்' என்று எழுதியிருந்தீர்கள், அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. அவர்களில் பலர் நம் மாவட்டத்துக்காரர்கள்; மலிவான நல்ல சாப்பாடு எந்தச் சந்தில் கிடைக்கும் என்று அவர்களைக் கேட்டால் வழிகாட்டி நூலைவிடச் சரியாகச் சொல்வார்கள்.

டுரியான் பழம் சாப்பிட ஆசை, பயமும்கூட. (புதுச்சேரி)

பலாப்பழம் பிடிக்கும் என்றால் பாதிப் பயம் இப்போதே போகலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பெரிய பருவம். கேலாங், பாலஸ்தியர் பக்கம் சாலையோரக் கடைகளில் குவித்திருப்பார்கள். கிலோ விலை முள்தோலோடு சேர்த்துத்தான், தோலே பாதிக்கு மேல் எடை. அதனால் நிறுத்து மொத்த விலையைக் கேட்டுச் சம்மதித்த பிறகே பழத்தை வெட்டச் சொல்லுங்கள். மாவ் ஷான் வாங் வகை கசப்பும் இனிப்பும் கலந்தது, விலையும் அதிகம். முதல் முறைக்கு டி24 வகை போதும். அங்கேயே மேசையில் உட்கார்ந்து தின்று முடியுங்கள். பெருவிரைவு ரயிலில் ஏற்றக் கூடாது, ஹோட்டலிலும் விட மாட்டார்கள்.

எல்லாமே சென்னையில் கிடைக்கிறது. ஊருக்கு என்னதான் வாங்கி வருவது? (வேலூர்)

சாக்லேட்டும் கைபேசியும் வேண்டாம். மின்சாதனம் வாங்கினால் இங்குள்ள செருகி மூன்று தட்டைக் கால் கொண்டது, உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதையும் கேட்க வேண்டும். அன்னாசிப் பழ டார்ட், காயா, அரபு ஸ்திரீட்டில் பாத்திக் துணி இவை போதும். பெரியவர்களுக்குக் கோடாலித் தைலம். அது சிங்கப்பூர்ச் சரக்குதான், இங்கிருந்து போனால் வீட்டில் தனி மரியாதை. காயாவும் தைலமும் 100 மில்லிக்கு மேல் இருந்தால் கைப்பையில் விட மாட்டார்கள். துணிக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள்.